ஒரே கதிரின் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை: அந்த வித்தியாசம்தான் நம் சொத்து!



நெல் விலை, கூட்டுறவுக் கடன், வாய்க்கால் தண்ணீர், கரும்பு நிலுவை என்று நாம் போடாத துண்டறிக்கை இல்லை. இந்த முறை விதைக்குள்ளே நடக்கிற ஒரு சங்கதியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது பள்ளிக்கூடத்துப் பாடமாச்சே, போராட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

நெல் விதையை நாமே எடுத்து வைக்க முடிகிறது. மக்காச்சோள விதையை மட்டும் ஏன் வருஷா வருஷம் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்? கரும்பில் செவ்வழுகல் வந்தால் ஏன் தோட்டம் தோட்டமாகப் போகிறது? விதைச் சட்டம், விதைச் சட்டம் என்று டெல்லியில் எழுதிக்கொண்டே இருக்கிறார்களே, அதில் யாருடைய கை ஓங்கும்? இத்தனை கேள்விக்கும் பதில் அந்த ஒரு சங்கதிக்குள் இருக்கிறது. அது புரியாதவரை, விதை விஷயத்தில் நம்மை யாரும் ஏமாற்றலாம். ஆகவே பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

முதலில் நம் மாட்டுத் தொழுவத்தைப் பார்ப்போம். அதே பசு, அதே காளை. ஒரு ஈற்றில் பிறந்த கிடாரி மடி நிறையப் பால் கறக்கிறது. அடுத்த ஈற்றுக் கிடாரிக்கு அவ்வளவு இல்லை. ஒன்று சாது, ஒன்று முட்டுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒருவன் அப்பன் ஜாடை, ஒருத்தி அத்தை ஜாடை. ஏன்?

உயிருள்ள எதன் உடம்பிலும் குணங்களை எழுதி வைத்த ஏடுகள் மாதிரி குரோமோசோம்கள் இருக்கின்றன. அவை ஜோடி ஜோடியாக இருக்கும். மாட்டுக்கு 30 ஜோடி, மனுஷனுக்கு 23 ஜோடி, நெல்லுக்கு 12 ஜோடி, மக்காச்சோளத்துக்கு 10 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பன் கொடுத்தது, மற்றது ஆத்தாள் கொடுத்தது.

பிள்ளை பெறும் காலம் வந்தால், ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றே ஒன்றுதான் மகரந்தத்துக்கோ கருமுட்டைக்கோ போகும். எது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. காசைச் சுண்டிப் போட்டால் பூவா தலையா என்பது மாதிரிதான். நெல்லில் 12 ஜோடி. 12 தடவை காசு சுண்டினால் 4,096 விதமாக விழலாம். ஆக, ஜோடியில் இருப்பவை ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால், ஒரே செடி 4,096 விதமான மகரந்தம் கொடுக்கும். சூல் பக்கமும் 4,096 விதம். இரண்டும் சேர்ந்தால் 1 கோடியே 67 லட்சம் விதம்!

இதோடு நிற்கவில்லை. பிரிவதற்கு முன்னால் ஜோடியில் உள்ள இரண்டும் பக்கத்தில் படுத்து, துண்டுக்குத் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அப்பன் ஏட்டில் ஆத்தாள் ஏட்டுப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு தலைமுறையும் சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போடுகிற மாதிரி. சீட்டுகள் பழையவை, கையில் விழுகிற வரிசை மட்டும் புதியது. புதுச் சீட்டே எப்போதாவதுதான் பிறக்கும். அதைத் திடீர் மாற்றம் என்கிறார்கள். இருக்கிற சீட்டுகளை விதவிதமாகச் சேர்த்துப் பார்க்கிற வேலையை ஆணும் பெண்ணும் கூடுகிற இந்த இனப்பெருக்கம்தான் செய்கிறது.

இயற்கைக்கு ஏன் இந்த வீண் வேலை? வீண் வேலை இல்லை. அடுத்த வருஷம் வெள்ளம் வருமா, வறட்சி வருமா, புது நோய் வருமா என்று விதைக்குத் தெரியாது. நூறு பிள்ளைகளும் ஒன்றுபோல் இருந்தால் ஒரே அடியில் நூறும் போகும். நூறும் நூறு விதமாக இருந்தால் எதற்கும் பத்தாவது தப்பும். நாம் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைப்போமா? இயற்கையும் வைப்பதில்லை.

அப்படியானால் நெல் ஏன் மாறுவதில்லை?

நியாயமான கேள்வி. நெல் பூ தன் மகரந்தத்தாலேயே தான் கருத்தரிக்கும். பல தலைமுறை இப்படியே போனால், ஜோடியில் உள்ள இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் ஒன்றுதான். அதனால்தான் கிச்சிலிச் சம்பாவோ பி.பி.டி.யோ, கலப்பில்லாமல் எடுத்து வைத்தால் அடுத்த வருஷமும் அப்படியே வருகிறது.

கம்பு, மக்காச்சோளம், சூரியகாந்தி, பூசணி, சுரை, நெட்டைத் தென்னை இவையெல்லாம் அயல் மகரந்தம் தேடுகிறவை. காற்றும் தேனீயும்தான் அவற்றுக்குத் தரகர். ஒரே தென்னையில் இறக்கிய பத்து நெற்றைப் பதியம் போட்டாலும் பத்தும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை என்பது நமக்குத் தெரியாததா என்ன? தாய் ஒன்று, தகப்பன் பல.

வீரிய விதையின் ரகசியம்

இப்போது கடைக்கு வருவோம். வீரிய ஒட்டு மக்காச்சோளம் எப்படிச் செய்கிறார்கள்? ஒரு வரிசையைப் பல தலைமுறை தன் மகரந்தத்தாலேயே கருத்தரிக்க வைத்து, ஜோடியில் உள்ளவை எல்லாம் ஒன்றுபோல் ஆகும்படி செய்கிறார்கள். இன்னொரு வரிசையையும் அப்படியே. பிறகு ஒன்றைத் தாயாகவும் மற்றதைத் தகப்பனாகவும் வைத்துக் கலக்கிறார்கள். தாய் கொடுப்பதும் ஒரே விதம், தகப்பன் கொடுப்பதும் ஒரே விதம். ஆகவே பிறக்கிற விதை எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வயல் போலீஸ் அணிவகுப்பு மாதிரி நிற்கும். தூரத்து இரண்டு வரிசை கலந்ததால் வீரியமும் கூடும், மகசூலும் கூடும். இதில் பொய் இல்லை. நாம் குறை சொல்லவும் இல்லை.

அந்த மக்காச்சோளத்தில் விதை எடுத்து மறுபடி போட்டால் என்ன ஆகும்? இப்போது ஒவ்வொரு செடிக்குள்ளும் தாய் ஏடு ஒன்று, தகப்பன் ஏடு ஒன்று என்று இரண்டு வேறு ஏடுகள். சீட்டுக்கட்டு குலுங்க ஆரம்பித்துவிடும். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முன்னே பூக்கும், ஒன்று பின்னே பூக்கும். அதோடு, வித்தியாசமாக இருந்த ஜோடிகளில் பாதி அளவுக்கு மறுபடி ஒன்றுபோல் ஆகிவிடும். வீரியம் இறங்கும், மகசூல் விழும்.

இது கம்பெனி வைத்த விஷம் இல்லை. இயற்கையின் விதி. மெண்டல் என்கிற பாதிரியார் பட்டாணிச் செடியை வைத்து 1866-லேயே எழுதி வெளியிட்ட விதி. ஆனால் அந்த விதியே வியாபாரிக்கு வாய்த்த பூட்டு. காவல்காரன் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம், வருஷா வருஷம் நாம் தானாகவே கடைக்குப் போவோம். நம் ஆட்சேபம் விதியின் மேல் இல்லை. அந்த விதியை நம்மிடம் விளக்காமல் பையை நீட்டுகிறார்களே, அதன் மேல்தான். தாய் தகப்பன் வரிசையைக் கம்பெனி இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்கிறது. நம் கையில் கொடுப்பது ஒரு தலைமுறைக்கான விதை மட்டும்.

பருத்தியைப் பாருங்கள். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் நேர் ரகமாகத்தான் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய முழுக்க வீரிய ஒட்டாகவே விற்றார்கள். ஏன் என்று யோசிக்க நமக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கரணையும் கன்றும்

குலுக்கலே இல்லாத விவசாயமும் உண்டு. கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம். வாழையைக் கன்று பிரித்து வைக்கிறோம். இதில் அப்பன் ஆத்தாள் கிடையாது. பிள்ளை அப்படியே தாயின் நகல். நல்ல தாயை நகல் எடுத்தால் நல்ல லாபம். ஆனால் ஒரு நோய் ஒரு செடியை வீழ்த்தும் வழியைக் கண்டுபிடித்துவிட்டால், அதே சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும்.

சி.ஓ.சி. 671 கரும்பை நம்மில் வயசான யாரும் மறந்திருக்க மாட்டோம். கடலூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம். சர்க்கரைச் சத்தில் அதை அடிக்க ஆள் இல்லை என்று எல்லாரும் நட்டார்கள். செவ்வழுகல் வந்து அதைக் கவிழ்த்தது. அயர்லாந்து நாட்டில் 1845-இல் நடந்தது இன்னும் பெரிய கொடுமை. ஏழைச் சனங்கள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே உருளைக்கிழங்கைத்தான் வெட்டி வெட்டி நட்டார்கள். கருகல் நோய் வந்தது. சில வருஷத்தில் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். அந்தச் சமயத்திலும் அங்கிருந்து கப்பலில் தானியம் ஏற்றுமதி ஆனது. நோய் வந்தது பூஞ்சணம் மாதிரியான கிருமியால், சாவு வந்தது ஆட்சியால். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கரும்பைக் காப்பாற்றியதும் மறுபடி அந்தக் குலுக்கல்தான். கோயம்புத்தூரில் கரும்பு பூத்து விதை பிடிக்கும் என்பதால் 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். பார்பர் என்ற வெள்ளைக்காரரும் நம் வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பை ஆற்றங்கரையில் காடாகக் கிடக்கும் காட்டுக் கரும்புப் புல்லோடு கலந்தார்கள். அதில் வந்த கோ 205 என்ற ரகம் 1918-இல் வட இந்தியாவுக்குப் போனது. இனிப்பு ஒரு பக்கத்துச் சொத்து, தாங்கும் சக்தி மறு பக்கத்துச் சொத்து. எதற்கும் ஆகாது என்று நாம் வெட்டி எறிகிற புல்லின் பரம்பரை இன்று நம் கரும்புக்குள் ஓடுகிறது.

யாருடைய சீட்டு?

நெல்லிலும் இதே கதை. 1966-இல் ஐ.ஆர். 8 வந்தது. மகசூல் வந்தது, கூடவே பூச்சியும் நோயும் வந்தன. அப்போது விஞ்ஞானிகள் எங்கே ஓடினார்கள்? நம் பழைய ரகங்களிடம்தான் ஓடினார்கள்.

ஐ.ஆர். 20 நட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக அதைத் தேடி எடுத்தார்கள். டி.கே.எம். 6-க்குப் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. பல ஊரில் கிச்சிலிச் சம்பா என்று நாம் சொன்னது அதைத்தான். 1921-இல் கோயம்புத்தூரில் பிரித்தெடுத்தது. இன்று ஆந்திரா பொன்னி என்று நாம் விற்கிற பி.பி.டி. 5204-இன் வம்சத்திலும் அதே ஜி.இ.பி. 24 இருக்கிறது.

புகையானைத் தாங்கும் குணம் பட்டாம்பி நிலையத்தின் பி.டி.பி. 33 மாதிரி ரகங்களில் கிடைத்தது. குட்டைப் புல் நச்சுயிரி நோய்க்கு ஆயிரக்கணக்கான ரகங்களைச் சலித்துப் பார்த்ததில், உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல்லில்தான் எதிர்ப்பு கிடைத்தது. அது 1976-இல் ஐ.ஆர். 36-க்குள் போனது. டெல்டாவில் சி.ஆர். 1009 சப் 1 நடுகிறோமே, ஏறக்குறைய இரண்டு வாரம் தண்ணீருக்குள் மூழ்கினாலும் பிழைக்கிறதே, அந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வந்தது.

விஞ்ஞானிகள் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சீட்டைக் குலுக்கினது அவர்கள். ஆயிரமாயிரம் பிள்ளையில் ஒன்றைப் பொறுக்கி, ஆறேழு தலைமுறை நிலைப்படுத்தினது அவர்கள். ஆனால் சீட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்தது யார்? பட்டினி கிடந்தாலும் விதைக்கோட்டையில் கை வைக்காத நம் பாட்டிமார்கள். களத்தில் கதிர் பார்த்துப் பொறுக்கி எடுத்த நம் தாத்தாக்கள். அவர்கள் பெயர் எந்த விதைப் பையிலும் அச்சாகவில்லை.

பட்டணத்துக் கூடை

சென்னைக்கு மனுக் கொடுக்கப் போகும் நம் ஆட்கள் ராயப்பேட்டையில் இறங்கினால் பக்கத்து ஜாம்பஜார் மார்க்கெட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். தக்காளி எல்லாம் ஒரே அளவு, கத்தரிக்காய் எல்லாம் ஒரே நிறம். கொஞ்சம் கோணலாக இருந்தால் கழித்து ஒதுக்கிய கூடைக்குப் போகிறது. பட்டணத்துச் சனங்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்ணுக்கு அப்படிப் பழக்கிவிட்டார்கள். ஆனால் ஒரே அளவு வேண்டும் என்று கமிஷன் மண்டியில் கேட்டால், நாம் ஒரே விதையைத்தான் போட முடியும். ஊரெல்லாம் ஒரே விதை என்றால் ஊரெல்லாம் ஒரே ஆபத்து. அந்த ஆபத்தின் நஷ்டம் மண்டிக்காரருக்கா? விதைக் கடைக்காரருக்கா? கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த நமக்கு!

சட்டம் என்ன சொல்கிறது?

2001-இல் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 39-ஆம் பிரிவை எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும், விவசாயி தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் போட்டுப் பையில் அடைத்து விற்கத்தான் கூடாது. சொன்னபடி விளையவில்லை என்றால் நஷ்டஈடு கேட்கவும் அதே பிரிவில் வழி உண்டு.

இந்தச் சட்டம் இருக்கும்போதே 2019-இல் குஜராத்தில் என்ன நடந்தது? எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கைப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ கம்பெனி விவசாயிகள் மேல் வழக்குப் போட்டு, சிலரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் வழக்கை வாபஸ் வாங்கியது. 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளிவிட்டது. சட்டத்தில் உரிமை இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

1966 விதைச் சட்டத்தை மாற்றுகிறோம் என்று 2004-இல் ஒரு மசோதா, 2019-இல் ஒரு வரைவு, 2025 நவம்பரில் இன்னொரு வரைவு. போலி விதையைத் தடுக்கக் கடுமையான சட்டம் வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் சட்டத்தின் அளவுகோல் எப்போதும் "ஒன்றுபோல் இருக்கிறதா" என்பதாகவே இருக்கிறது. நம் நாட்டுக் கம்பும் நம் சுரையும் ஒன்றுபோல் இருக்காது. இருக்கவும் கூடாது! அந்தக் கலவைதான் அதன் பலம். விவசாயி ரகத்துக்குச் சீர்மையில் கொஞ்சம் தளர்வு கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் போதாது.

நம் கையில் உள்ள வேலை

அரசாங்கத்தைக் கேட்பது ஒரு பக்கம். நாம் செய்ய வேண்டியது ஒரு பக்கம்.

கம்பு, நாட்டு மக்காச்சோளம் விதைக்கு எடுக்கும்போது, பெரிய கதிர் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து நிறுத்தாதீர்கள். ஐம்பது நூறு செடியிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் சீட்டுக்கட்டு சுருங்கிப் போகும். பக்கத்து வயல் மகரந்தம் கலக்கும் என்பதால் வரப்போரத்தை விட்டு நடு வயலில் எடுங்கள். நெல்லில் வேற்றுச் செடி தெரிந்தால் பூக்கும்போதே பிடுங்குங்கள். பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் பாருங்கள். எல்லாம் சாய்ந்த வயலில் அது மட்டும் நிமிர்ந்து நிற்கிறதா? அதைத் தனியாக எடுத்து வையுங்கள். நம் முன்னோர் ரகம் கண்டுபிடித்தது அப்படித்தான்.

நெல் ஜெயராமன் 2018-இல் நம்மை விட்டுப் போனார். அவர் போகும்போது 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்திருந்தார். ஆதிரங்கத்து விதைத் திருவிழாவில் அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்கு கிலோ திருப்பிக் கொடு. வட்டிக்கடை தெரியும் நமக்கு. இது விதைக்கடன். ஊருக்கு ஊர் இதைச் செய்ய யார் தடுக்கிறார்கள்?

நம் கோரிக்கைகள்

1. விதைப் பையில் "இது நேர் ரகம்" அல்லது "இது வீரிய ஒட்டு, இதன் விளைச்சலை விதைக்கு எடுத்தால் மகசூல் குறையும்" என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

2. மக்காச்சோளம், பருத்தி, காய்கறிகளில் விவசாயி தானே விதை எடுக்கக்கூடிய ரகங்களை அரசு ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட வேண்டும். அரசு விதைப் பண்ணைகளை மூடாமல் வலுப்படுத்த வேண்டும்.

3. ஒன்றியத்துக்கு ஒரு விதை வங்கி. அதில் பெண்களுக்குச் சரிபாதிப் பொறுப்பு.

4. டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் தூங்குகின்றன. அதில் நம் ஊரிலிருந்து போன ரகத்தை நாம் கேட்டால் சிக்கல் இல்லாமல் திருப்பித் தர வேண்டும்.

5. விதை பொய்த்தால் நஷ்டஈட்டை விதைச் சட்டத்திலேயே, கால வரம்போடு எழுத வேண்டும். முளைக்காத விதைக்காக ஆறு வருஷம் கோர்ட்டு ஏற நமக்குச் சக்தி இல்லை.

6. விதையைச் சேமிக்க, மாற்ற, விற்க விவசாயிக்குள்ள உரிமையில் எந்தச் சட்டமும் ஒரு எழுத்தைக்கூடக் குறைக்கக் கூடாது.

பெருமக்களே! வெள்ளம் எப்படி வரும், வெயில் எப்படி அடிக்கும், எந்தப் பூச்சி எந்தப் பக்கமிருந்து வரும் என்று இனி யாருக்கும் தெரியாது. தெரியாத நாளைக்கு நம்மிடம் இருக்கிற ஒரே காப்பீடு, ஒன்றுபோல் இல்லாத விதைகள்தான். இதற்குப் பிரீமியம் கிடையாது. எடுத்து வைத்தால் போதும். அதையும் பிடுங்கிக்கொள்ள விடுவோமா? ஊர்க் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போடுங்கள். வரும்போது உங்கள் வீட்டு விதையில் ஒரு பிடி முடிந்து கொண்டு வாருங்கள். எடுத்துப்போக இன்னொருவர் காத்திருப்பார்.

விதை விவசாயியின் உரிமை! பன்மை பயிரின் பலம்!
சேமிப்போம்! பகிர்வோம்! போராடுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கத்துக்காக.